பத்துப் பேர், பத்துப் பெயர்

சேசு மரி சூசை துணை

சிப்பிமேடு, எண்ணூர் ரோடு,
சென்னை.
20-2-1972

அன்புள்ள தம்பி பாஸ்கலுக்கு அக்கா சிலுவையம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் மாமா, மகள் டோரதி மூன்று பேரும் மாதா புண்ணியத்தில் சுகம். பம்பாயில் உனக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஒத்துக்கொள்கிறதா? மூன்று வருஷமாக ஒரு வரி போடாத அக்கா இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரியம் இருக்கிறது. ஒளிக்காமல் பதில் போடு. வேலப்பன் என்று ஒருத்தரை உனக்குத் தெரியுமா? அவரை இங்கே அனுப்பியது நீயா?

போன திங்கட்கிழமை ரயில்வே கேட் பக்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். காக்கிப் பை, குடை, காதில் பென்சில். ரயில்வே ஆபீஸ் ஆளாம். கேட் அருகில் புது ஸ்டேஷன் வரப்போகிறதாம், அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று விசாரிக்கிறாராம். ஸ்டேஷன் கட்டத் தெரிந்தவர்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாதா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ரஷீது டீக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் ஒரே கேள்வி. வெளியூர் ஆள் வந்தால் இந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கேட்டு வரவேண்டும் என்று கேட்கிறார். யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்கிறார். "அந்தாளு ஒரே டீயை வச்சிகினு ஒரு மணி நேரமா குந்திகினு கீறாரு, இன்னா விசயம்னே தெரில" என்று ரஷீதே என்னிடம் வந்து சொன்னான்.

உனக்கு மறந்திருக்காது. ராயபுரத்தில் கடலோரம் இருந்தபோதும் இப்படித்தான் ஒருத்தர் நோட்டும் கையுமாக வந்தார். வாய் நிறைய அம்மா, ஐயா என்று கூப்பிட்டார். நம் அம்மா அவருக்கு மோர் கொடுத்து, தெருப் பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் வரிசையாகச் சொன்னாள். மறு வாரமே லாரி வந்து நின்றது. சட்டி பானையை அள்ளிக்கொண்டு இந்த மேட்டுக்கு வந்தோம். சூடு கண்ட பூனை நான். பெயரே இல்லாத இடத்தை எந்தக் காகிதத்தில் எழுதி இடிப்பார்கள்?

அதனால் ஒரு வேலை செய்தேன். பைக்காரர் கேட்டால் சிப்பிமேடு என்று ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது, ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கெங்கம்மா மட்டும் முரண்டு பிடித்தாள். "இன்னா யக்கா, பேரச் சொன்னா இன்னா ஆயிடும்? டேசன் வந்தா மீன் கூடையத் தூக்கிகினு திருவொத்தியூர் வரிக்கும் நடக்கத் தேவல" என்றாள். நாளைக்கு லாரி வந்தால் உன் கூடையையும் சேர்த்துத்தான் ஏற்றுவார்கள் என்றேன். அடங்கிவிட்டாள். பிறகு அவளே மாதா கோயில் தெரு என்று சொன்னாள். அப்பாவு பெரிய கேட் என்றார். ரஷீது ஆறாம் நம்பர் கம்பம் என்றான். உன் மாமா, தான் ஊருக்குப் புதுசு, ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். பதினான்கு வருஷமாக இங்கே இருக்கிற மனிதர்! அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு சைக்கிளை மிதித்துப் போனதைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனால் ராத்தூக்கம் இல்லை. நீயும் மூன்று வருஷத்துக்கு முன்னால் வீடு வீடாகக் கைநாட்டு வாங்கிக்கொண்டுதானே திரிந்தாய்? ஸ்டேஷன் கேட்டு மனு என்றாய். அந்தக் காகிதம் பக்கத்துத் தகர டப்பா கம்பெனிக்குத்தான் போகிறது, இடத்தை விற்கப் பார்க்கிறாய் என்று குப்பத்து ஜனங்கள் நடுவில் உன்னை நிற்க வைத்துக் கேட்டேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். இன்றைக்கு அதே ஸ்டேஷன் கதையோடு ஒருத்தர் வருகிறார் என்றால் நான் என்ன நினைப்பது, சொல்.

மறுதபாலில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா சிலுவையம்மாள்


சேசு மரி சூசை துணை

சிப்பிமேடு,
8-3-1972

தம்பி பாஸ்கலுக்கு,

பதினேழு நாள் ஆயிற்று, உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் மேல் சந்தேகப்பட்டு அவரையும் நிறுத்திக் கேட்டுவிட்டேன். என் கையில் இருக்கிற கடிதத்தை நான் என்ன தின்னவா போகிறேன் என்று கோபித்துக்கொண்டார். அப்படியானால் நீதான் எழுதவில்லை. மடியில் கனமில்லாதவன் எதற்கு மௌனமாக இருக்கவேண்டும்?

இங்கே விஷயம் முற்றிவிட்டது. முந்தாநாள் டப்பா கம்பெனி ஜீப் வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, ஸ்டேஷன் இல்லாமல் நாம் படுகிற கஷ்டத்தைப் பார்த்துக் கம்பெனிக்கே மனசு தாங்கவில்லையாம். ஸ்டேஷனுக்கு ரகுபதி நகர் என்று பெயர் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். ரகுபதி என்பது முதலாளியின் தகப்பனார். அந்த மனிதர் இந்த மேட்டில் ஒரு நாளாவது கால் வைத்ததுண்டா? கூட வந்த இரண்டு பேர் நம் கிணற்றிலிருந்து கேட் வரைக்கும் சங்கிலி பிடித்து அளந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். ரகுபதி நகரில் கம்பெனி ஆட்களுக்கு வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். அப்படியானால் எங்கள் வீடெல்லாம் என்ன ஆகும் என்றேன். இது ரகுபதி நகர்தானே, இங்கே வேறு ஊர் ஏது என்று சிரித்தார்கள்.

வேலப்பன் என்ற அந்த ஆள் கம்பெனியின் கையாளாகத்தான் இருக்கவேண்டும். நாளைக்கு ராயபுரத்தில் அவர் ஆபீசுக்கே போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்கப் போகிறேன். இதில் உன் கையும் இருக்கிறது என்று தெரிந்தால், செத்தாலும் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

சிலுவையம்மாள்


சேசு மரி சூசை துணை

சிப்பிமேடு,
19-3-1972, சூசையப்பர் திருநாள்

என் அருமைத் தம்பி பாஸ்கலுக்கு,

போன இரண்டு கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடு. இதை மட்டும் கடைசி வரைக்கும் படி.

சண்டை போடுவதற்காகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் ராயபுரம் போனேன். வேலப்பன் என்னை உட்காரச் சொல்லி ஒரு ஃபைலைத் திறந்தார். முதல் தாளே உன் கையெழுத்து, தம்பி. சிப்பிமேட்டு மக்கள் பணிவுடன் எழுதிக்கொள்வது என்று ஆரம்பித்து, கேட் அருகில் ரயில் நின்றால் மீன்காரப் பெண்களுக்கும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் உபயோகம் என்று எழுதியிருந்தாய். கீழே நாற்பத்தொரு கைநாட்டு. அதில் உன் மாமாவுடையதும் இருந்தது. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்! அந்த மனுவை வைத்துத்தான் ஸ்டேஷனுக்கே உத்தரவு ஆனதாம். ஆபீசில் அத்தனை பேர் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெயர் வைக்க அவர் பார்க்கிறது இரண்டே விஷயமாம். வேறு எந்த ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது, இருந்தால் மூட்டையும் மனிதரும் தப்பான ஊரில் போய் இறங்க நேரும். வெளியூர்க்காரர் கேட்டால் அந்த இடத்தில் இருக்கிறவர்கள் உடனே கை காட்ட வேண்டும். சிப்பிமேடு முதலாவதில் தேறிவிட்டது. இரண்டாவதைச் சரிபார்க்கத்தான் வந்திருக்கிறார். பத்துப் பேரைத் தனித்தனியாகக் கேட்பது அவர் பழக்கம். ஏழு பேர் ஒரே பெயரைச் சொன்னால் எழுதிவிடுவாராம். "பத்துப் பேரும் பத்துப் பெயர் சொன்னீங்களேம்மா, நான் எதை எழுதறது?" என்று கேட்டார். அந்த நோட்டையும் காட்டினார். மாதா கோயில் தெரு, பெரிய கேட், ஆறாம் நம்பர் கம்பம். பக்கத்திலேயே கம்பெனியின் கடிதம், டைப் அடித்து, முத்திரை போட்டு, ஒரே பெயரோடு. என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேன், பாஸ்கல்.

மறுநாளே குப்பமே திரண்டு போனோம். எல்லோரும் ஒரே குரலில் சிப்பிமேடு என்றோம். வேலப்பனுக்கு மேலே இருக்கிற அதிகாரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். போன மாதம் தெரியாத பெயர் இந்த மாதம் எல்லோருக்கும் எப்படித் தெரிந்தது, சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தது யார் என்று கேட்டார். "நாஸ்தா பண்ணாம வந்து நிக்கிறோம் நைனா, பொய் சொல்லவா வந்தோம்?" என்று கெங்கம்மா அழுதாள். அவர் நம்பவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் வேலப்பன் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். நீ மனு எழுதி மூன்று வருஷம் ஆகிறது. அப்போது கம்பெனி இந்தப் பெயர் விஷயத்தில் தலையிடவே இல்லை. அதனால் அந்த மனு நிஜம், அந்த மக்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் ஊரின் பெயர் சிப்பிமேடு என்று எழுதியவனே கையெழுத்துப் போட்டு அனுப்பினால், தான் மறுபடி வந்து பத்துப் பேரைக் கேட்க அதிகாரி சம்மதிப்பார் என்றார். முப்பதாம் தேதிக்குள் வந்து சேரவேண்டும். மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை, ஆபீஸ் லீவு. அதற்கப்புறம் வந்தால் ரகுபதி நகர் என்று பலகை எழுதிவிடுவார்களாம். பலகை ஏறிவிட்டால் கம்பெனி அளந்த அளவுதான் சட்டம். நமக்கு மறுபடியும் லாரிதான்.

தம்பி, உன்னைத் திருடன் என்று ஊர் நடுவில் சொன்னது தப்பு. அன்றைக்கே மனசுக்குள் உறுத்தியது, வீம்பில் விட்டுவிட்டேன். நீ போனபிறகு உன் வேலைச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன், அதை அனுப்பக்கூட மனசு இடம் கொடுக்கவில்லை. உன் காலில் விழ எனக்கு வெட்கமில்லை. அக்காவை மன்னித்துவிடு.

திடீரென்று இவ்வளவு உருகுகிறாளே, காரியம் ஆகத்தான் இந்த நாடகமோ என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். நான் வளர்த்த பிள்ளை, என் புத்தி உனக்கும் கொஞ்சமாவது இருக்கும். என்னை நம்பி எழுத வேண்டாம். கெங்கம்மாவுக்காக எழுது, அந்த நாற்பத்தொரு பேருக்காக எழுது. எழுதுவதை நேராக வேலப்பன் பெயருக்கே அனுப்பு, விலாசம் பின்பக்கம் இருக்கிறது. என் கை படவே வேண்டாம்.

மாதா உனக்கு நல்ல உடம்பும் நல்ல பெண்டாட்டியும் கொடுக்கட்டும். பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒரு தடவை அந்த ஸ்டேஷனில் வந்து இறங்கு. நாங்கள் அப்போது இங்கே இருந்தால் பிளாட்பாரத்தில் நான்தான் முதல் ஆளாக நிற்பேன். ஏன் வந்தாய், எதற்கு வந்தாய், கையில் என்ன காகிதம் என்று ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா,
சிலுவையம்மாள்