பட்டன்களுக்குப் பேர் வையுங்கள்

என் செல்லச் சண்டைக்காரன் சேவியருக்கு,

போன வாரம் ஒரு செய்தியை நானே எழுதி, நானே ஆசிரியர் மேசைக்கு அனுப்பினேன். முப்பது வருடமாக நிருபராக இருப்பவள் இதைப் போய் ஒரு சேதி என்று சொல்கிறாளே என்று மற்றவர்கள் நினைக்கலாம். நீ நினைக்க மாட்டாய்.

நீ போன மறுவருடமே என் பார்வையும் போய்விட்டது. கண்ணில் நீரழுத்தம். ஓரங்களிலிருந்து மெல்ல இருட்டிக்கொண்டே வந்து ஒருநாள் மூடிக்கொண்டது. பிறவியிலேயே பார்வையில்லாத நீ இப்போது இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "வாக்கா, நம்ம கட்சிக்கு" என்றா? ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் உன் நாற்காலியில்தான் உட்காருகிறேன். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் உன் ஸ்கிரீன் ரீடர் இப்போது எனக்குப் பேசுகிறது, நீ வைத்துவிட்டுப் போன அதே அசுர வேகத்தில். முதலில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஆனாலும் வேகத்தைக் குறைக்க மனம் வரவில்லை.

சிக்கல் ஆபீசில் ஆரம்பித்தது. செய்தி எழுதி அனுப்ப எங்கள் பத்திரிகை ஒரு புதிய மென்பொருள் வாங்கியது. பார்க்க அழகாக இருக்கிறதாம். எழுத்தே கிடையாது, எல்லாப் பட்டனும் சின்னச் சின்னப் படம். படத்துக்குப் பின்னால் பெயர் எழுதி வைக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. ஸ்கிரீன் ரீடர் பாவம், தனக்குத் தெரிந்ததைச் சொன்னது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." எது சேமிப்பது? எது அழிப்பது?

அந்தக் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். பேசிய இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஃபீட்பேக் நோட் பண்ணிக்கிறேன் மேடம். ஆனா இந்த மாதிரி யூஸ் பண்றது நீங்க ஒருத்தர்தான்."

"ஒருத்தர்னா?"

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்தறதுன்னா..."

ஃபோனை வைத்ததும் நீ டெலிபோன் ஆபரேட்டராக இருந்த தி. நகர் ஜவுளிக்கடைதான் ஞாபகம் வந்தது. டெலிபோன் போர்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது, கடை அண்ணாச்சி நல்ல மனசோடுதான் உன்னிடம் சொன்னார்: "நீ வீட்டுல இருல. சம்பளம் வந்துரும்." நீ என்ன கேட்டாய்? "சும்மா சம்பளம் குடுத்து வெச்சிக்க நான் இன்னா, மாலை போட்ட போட்டோவா அண்ணாச்சி?" அவர் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டு, அந்தக் கம்ப்யூட்டரைப் பேச வைத்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாய்.

அதையே நானும் செய்வது என்று முடிவு செய்தேன். ஸ்கிரிப்ட் பெரிய மந்திரம் இல்லை. இந்த மென்பொருளில் இந்த இடத்துக்கு வந்தால் இதைச் சொல் என்று ஸ்கிரீன் ரீடருக்கு எழுதிக் கொடுக்கும் சில வரிகள். அந்தச் சில வரிகள்தான் என்னைப் படுத்தி எடுத்தன. முற்றுப்புள்ளி வைத்தே பிழைப்பை ஓட்டியவளை ஒரு முக்காற்புள்ளி வாரக்கணக்கில் அழவைத்தது. வரி எவ்வளவு உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறது என்பதை வைத்து அர்த்தமே மாறுமாம். அதைக் கண்ணால் பார்க்க முடியாத நமக்கு ஸ்கிரீன் ரீடர் ஓர் ஒலி எழுப்புகிறது; வரி உள்ளே போகப் போக சுருதி ஏறுகிறது. சுருதி சேராதவள் என்று கோயில் பாடகர் குழுவில் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினாயே, பார்த்தாயா, இந்த வயதில் சுருதி கேட்டுப் பிழைக்கிறேன்.

ஆபீஸ் போட்டோகிராபர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களின் வரிசையைச் சொன்னார். முதலாவது சேமிப்பது, இரண்டாவது நேராக இணையத்தில் ஏற்றுவது, மூன்றாவது ஆசிரியர் மேசைக்கு அனுப்புவது. அப்படியே எழுதினேன். மூன்றாவது பட்டனுக்கு வந்ததும், "மேசைக்கு அனுப்பு" என்று அது சொன்னபோது, சேவியர், ஆபீஸ் என்றும் பாராமல் கை தட்டிவிட்டேன்.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒருநாள் அடையாறு மழைநீர் வடிகால் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பாதி எழுதியதை ஆசிரியர் பார்க்கட்டும் என்று "மேசைக்கு அனுப்பு" கேட்டு அழுத்தினேன். அது ஊருக்கே போய்விட்டது. எனக்கு நானே எழுதிவைத்த குறிப்புகளோடு இணையத்தில் ஏறிவிட்டது. "இந்தப் பத்தி வழவழ. வெட்டு." கீழே ஒரு வாசகர், "ஆமாம், வெட்டியிருக்கலாம்" என்று எழுதியிருந்தாராம்.

ஆசிரியர் என்னைவிட வயதில் சின்னவர். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

"நீங்க சொல்லச் சொல்ல டெஸ்க்ல ஒருத்தர் அடிக்கட்டும் மேடம். பேர் உங்க பேர்தான் வரும். ஏன் சிரமப்படறீங்க?"

அந்தச் சமயத்தில் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு மீன்காரம்மா என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். ரோட்டோரம் கூடை வைக்கும் பெண்களிடம் ஒருவன் மாமூல் வாங்குகிறான், தராதவர்கள் கூடை கவிழ்கிறது. சொல்வதற்கு முன் அந்தம்மா என்னைக் கேட்டார்: "உனக்குத்தான் கண்ணு தெர்ல. நான் சொல்றத யாராண்ட சொல்லி எழுதுவ?"

"நானேதாம்மா எழுதுவேன்."

"இன்னொரு காதுல வுழுந்துச்சுன்னு வையி, நாளிக்கி என் கூடதான் ரோட்ல கவுந்து கெடக்கும். பாத்துக்க."

இதை எப்படி இன்னொருவரை வைத்து அடிக்கச் சொல்வது? ஆசிரியரிடம் முடியாது என்றேன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேல என்ன பதில் சொல்றது?" என்றார். "ஆச்சுன்னா கீபோர்டை நானே கொண்டாந்து உங்க மேசைல வெச்சிர்றேன். அது வரைக்கும் என் கீபோர்டை யாரும் தொட வேணாம்."

தவறு எங்கே என்று கண்டுபிடித்தேன். கம்பெனி ஒரு புதுப் பட்டனை முன்னால் சொருகியிருந்தது. மற்றவை எல்லாம் ஒவ்வொரு இடம் தள்ளிப்போய்விட்டன. என் ஸ்கிரிப்ட் இன்னமும் மூன்றாவதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது; அங்கே இப்போது இருந்தது இணையத்தில் ஏற்றும் பட்டன்.

உனக்கு எண்ணி நடப்பவர்களைக் கண்டால் ஆகாது. "பத்தடி நேரா போயி லெப்ட்ல திரும்புங்க" என்று யாராவது வழி சொன்னால், "யாரோட அடி?" என்பாய். மயிலாப்பூரில் நாம் இருந்த தெருவில் ஒவ்வொரு கேட்டின் தாழ்ப்பாளையும் தொட்டுத் தொட்டு வீட்டைக் கண்டுபிடிப்பாய். "எண்ணிக்கினு போனா, குறுக்க ஒரு ஆட்டோ நின்னாப் போதும்க்கா, நான் பக்கத்து ஊட்டுல போயி சோறு கேப்பேன்."

பட்டனுக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது, தம்பி. அதைச் செய்தவர்கள் தங்கள் வசதிக்காக உள்ளே ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். திரையில் தெரியாது, ஸ்கிரிப்டைக் கொண்டு கேட்டால் சொல்லும். வரிசையை எடுத்துவிட்டு அந்த அடையாளத்தை வைத்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். அடையாளம் தெரியாத பட்டன் வந்தால் "தெரியவில்லை, தொடாதே" என்று சொல்லும்படியும் எழுதினேன்.

அப்படித்தான் போன வாரம் அந்தம்மாவின் செய்தி போனது. மேசைக்கு. மேசைக்கு மட்டும். அந்தம்மாவின் பெயர் இல்லாமல் அது அச்சில் வந்த அன்று குப்பத்துக்குப் போனேன்.

"எழுதும்போது யார்னா கூட இருந்தாங்களா?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப சரி. சங்கரா மீனு நல்லா கீது, எடுத்துக்கினு போ."

நேற்று அந்தக் கம்பெனி இளைஞர் தானாகவே கூப்பிட்டார். ஸ்கிரிப்ட் விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. "அதைக் குடுத்தீங்கன்னா சூப்பரா இருக்கும் மேடம். எங்க ப்ராடக்ட் எல்லாருக்கும் ஏத்ததுன்னு போட்டுக்குவோம்."

"பார்வை இல்லாதவங்க யார் கேட்டாலும் குடுப்பேன் தம்பி. உங்களுக்குத் தர மாட்டேன். நீங்க பட்டனுக்குப் பேர் வெச்சிட்டா இந்த ஸ்கிரிப்டே தேவையில்லை. போய்ப் பேர் வையுங்க."

"நீங்க ஒருத்தர்தான்" என்று இந்த முறை அவர் சொல்லவில்லை.

சேவியர், உனக்கு ஒரு வாக்கு. அவர்கள் பெயர் வைக்கும் நாளில் நான் எழுதிய அத்தனை வரிகளையும் என் கையாலேயே அழிப்பேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். அதுவரை அவர்கள் எத்தனை பட்டனை எங்கே சொருகினாலும் திரும்பத் திரும்ப எழுதுவேன். கீபோர்டு என் மேசையில்தான் இருக்கும்.

சுருதி சேராவிட்டாலும் பின்வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்ட
உன் ரெஜி அக்கா