மாலாவிடம் நயமாகச் சொல்ல வேண்டியது

அக்டோபர் 13, செவ்வாய்

வெயில். பா ஊர்ச் சர்க்கரை மில்லின் கரும்புச் சாம்பல் மறுபடியும் கொடித் துணி மேல். இவருடைய வெள்ளைச் சட்டைகளைத் திரும்ப அலச வேண்டும்.

ஐந்தாம் ஃபாரத்தில் பாதி பெஞ்சு காலி. ஆக்லாந்து, வான்கூவர், சிட்னி. சொல்லிக்கொண்டுகூடப் போவதில்லை. இந்தத் தீவில் ராணுவம் இரண்டாவது தடவை ஆட்சியைப் பிடித்த பிறகு, வகுப்பில் பேர் கூப்பிடவே பிடிக்கவில்லை. பதில் வராத பேர்களே அதிகம்.

நாளைய பாடம்: ஒருவரை இதமாகச் சம்மதிக்க வைப்பதற்கான ஆங்கிலச் சொற்கள். பெர்சுவேட், அர்ஜ், கோக்ஸ், கஜோல், வீடில், என்ட்ரீட். எல்லாம் ஒன்றுதானே டீச்சர் என்கிறார்கள். ஒன்றாம்!

சாயங்காலம் தவுவாவிலிருந்து தம்பி முனுசாமி. கையில் செய்தித்தாளில் சுற்றிய நங்கோனா வேர்க்கட்டு, லேசாக மயக்கும் பானத்துக்கு. பார்த்ததுமே விளங்கிவிட்டது. சும்மா வருகிறவன் இடித்த பொடி கொண்டுவருவான். முழு வேராகக் கட்டிக் கொண்டுவந்தால் பெண் கேட்டு வந்திருக்கிறான். அதைப் பிரித்து, இடித்து, கரைத்து எல்லோரும் குடித்துவிட்டால் எங்கள் வீட்டுப் பழக்கத்தில் சம்பந்தம் முடிவான மாதிரி. பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயே திறக்க வேண்டாம்.

எங்கள் மகள் மாலாவுக்குத்தான். சிட்னி மாப்பிள்ளை, அவர்கள் சார்பில் தம்பி. முன்பு இங்கே இருந்த குடும்பம். ரயில்வேயில் வேலை. இவள் போய்ச் சேர்ந்தால் பிறகு எங்களையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதுதான் விஷயம்.

"கரைப்பார் கரைச்சா கல்லும் கரையும். நீ சொன்னா கேப்பாக்கா" என்றான் தம்பி.

இவர்: "நீ டீச்சர்தானே. நயமாச் சொல்லு."

கட்டு இப்போது அலமாரி மேல்.

அக்டோபர் 14, புதன்

புழுக்கம். மேகம் வந்தது, போய்விட்டது.

பலகையில் எழுதியது:
அர்ஜ் - அழுத்திச் சொல்வது. கேட்டாரா இல்லையா, தெரியாது.
பெர்சுவேட் - சொல்லி, கேட்கவும் வைத்தாயிற்று.
கோக்ஸ் - பொறுமை. அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது.
கஜோல் - தாஜா. புகழ்ச்சி உண்டு, பொய்யும் உண்டு.
வீடில் - நைச்சியம். லாபம் பேசுகிறவருக்கு.
என்ட்ரீட் - கெஞ்சுவது. பேசுகிறவருக்கு வேறு வழியில்லை.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். துப்பாக்கி வைத்திருப்பவன் சிரித்துக்கொண்டே "தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள்" என்றால் எந்தச் சொல் என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன்.

நாலு மணிக்கு வீட்டு மேஜையில் திருத்திக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் வள்ளி அக்கா. நல்ல வெளிச்சத்தில். குளித்த தலை, ஈரம் சொட்டுகிறது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள்.

அக்காவை ட்ராசாவில் கட்டிக் கொடுத்தோம். அப்பா கை ஓங்கியதில்லை, குரலும் உயர்த்தியதில்லை. வேண்டாம் என்றவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவித் தடவிச் சொன்னார். நாளெல்லாம் சொன்னார். கடைசியில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே "சரிப்பா" என்றாள். ஒரு வருஷம் திரும்புவதற்குள் தன் கையாலேயே உயிரை விட்டாள். எனக்கு அப்போது பதினாறு வயது. அப்பா அடித்திருந்தால் அவள் எங்காவது ஓடியாவது போயிருப்பாள். அன்பாகச் சொன்னால் எங்கே ஓடுவது?

அக்டோபர் 15, வியாழன்

மாலா பேசவில்லை. மற்ற எல்லோரும் பேசுகிறோம்.

இவர் அவளுக்குப் பிடித்த மீன் வாங்கி வந்தார். "சிட்னில இதைவிடப் பெரிசா கிடைக்கும்" என்றார். அடக் கடவுளே.

தம்பி போனில் மாலாவிடம்: "மாமா உனக்குக் கெட்டதா சொல்வேன்?"

பக்கத்து வீட்டம்மா வேலி ஓரத்திலிருந்து: "உன் மூஞ்சிக்கு அங்க ராணி மாதிரி இருப்பே."

வீடில், அர்ஜ், கஜோல். திருத்தி மார்க் போடலாம்.

பிறகு நான். தலை வாரிவிடுகிற சாக்கில் பின்னால் உட்கார்ந்தேன். "ஒண்ணும் அவசரமில்ல கண்ணு. உன் மனசு போல செய். எங்களை நெனச்சுப் பாரு, அவ்வளவுதான்." என் கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. என் தொண்டையில் அப்பாவின் குரல். அதே இழுப்பு, அதே "கண்ணு". சீப்பை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 16, வெள்ளி

மாலாவுக்குத் தமிழ் புரியும், பேசமாட்டாள். என்னிடமும் எப்போதும் இங்கத்திய இந்தியில்தான் பதில். இன்று தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல், தமிழில் சொன்னாள்:

"சரிம்மா."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. நான் அசையவில்லை. அந்தக் குரல் அவளுடையதே இல்லை. இவர் சந்தோஷத்தில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அக்கா பின்வாசல் படியில் நின்றாள். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தேன். போகவில்லை.

விடமாட்டேன்.

அக்டோபர் 17, சனி

இவரிடம் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் தவுவா. மடியில் கட்டு.

வழியில் சோதனை. சின்ன வயசு சிப்பாய், பூர்வகுடிப் பையன். கட்டை முகர்ந்து பார்த்துச் சிரித்தான். எங்களுக்கு இல்லையா அம்மா என்று இந்தியிலேயே குழைந்தான். பெண் காரியம், திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். சிரிப்பு நின்றது. அவர்களுக்கும் இதெல்லாம் தெரியும். இரண்டு கையாலும் கட்டைத் திருப்பித் தந்தான்.

தம்பி வீட்டுக் கூடத்தில் பாயின் மேல் வைத்தேன். அவன் கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பைத்தியமாக்கா உனக்கு? அவ சரின்னுட்டாளாமே?"

"அதான்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அக்டோபர் 18, ஞாயிறு

மாலாவிடம் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், முட்டாள்.

யாரைக் கேட்டுச் செய்தாய் என்றாள். இந்தியில், கத்தி. அந்தப் பையனோடு போஸ்ட் ஆபீசிலிருந்து இந்த வாரமே பல தடவை பேசியிருக்கிறாளாம். அவனைப் பிடித்திருக்கிறதாம். அங்கே நர்ஸிங் சேரவேண்டுமாம். "ஹம் ஜாயேகா." போவேன் என்கிறாள்.

"அப்ப ஏன் வாயைத் திறக்கலே?"

உன்னை விட்டுப் போக வேண்டுமே என்றுதான் என்றாள். அழுதாள். எல்லோரும் என்னிடம் தேனொழுகக் கேட்டீர்கள், கட்டைத் திருப்பும்போது நீ என்னைக் கேட்கவேயில்லை, நீயே முடிவு பண்ணிவிட்டாய் என்றாள். சுவரில் இருக்கும் அக்கா படத்தைக் காட்டினாள். தமிழுக்கு மாறினாள்.

"நான் பெரியம்மா இல்லம்மா."

இவர் என்னோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. மீன் குழம்பைப் பூனைக்குப் போட்டேன்.

அக்டோபர் 20, செவ்வாய்

மழை. முதல் மழை.

தம்பி நேற்றே சிட்னிக்குச் சொல்லிவிட்டானாம். அவர்கள் லௌடோகாவில் வேறு பெண்ணின் படம் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கு லீவு போட்டேன். மாலாவோடு போஸ்ட் ஆபீஸ், வெளிநாட்டு லைன் அங்கேதான். டெலிபோனுக்கு வரிசை, எல்லாம் போகிறவர்களும் போனவர்களைக் கூப்பிடுகிறவர்களும்.

பையனின் அம்மா எடுத்தார். விறைப்பு. "நீங்கதானே வேணாம்னு கட்டைத் திருப்பினது?"

கெஞ்சினேன். என்ட்ரீட் என்று பலகையில் அழகாக எழுதியவள், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழ, என் புத்தி கெட்டுப்போச்சு, பிள்ளை மேல் தப்பில்லை, என்னை மன்னிச்சிடுங்கம்மா என்று கெஞ்சினேன். முன்னாள் மாணவி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அந்தப் பக்கம், "பொண்ணப் பேசச் சொல்லுங்க."

மாலா எனக்கு முதுகு காட்டி நின்று பேசினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே மழையில் வந்ததும் "ஜனவரி" என்றாள்.

அக்டோபர் 21, புதன்

தம்பி வேறு கட்டு கொண்டுவந்தான். பழையதை அன்றைக்கே இடித்துக் குடித்துவிட்டானாம், ஆத்திரத்தில். இவர் சிரித்தார். என்னோடும் பேசினார். இன்று நாங்கள் இடித்தோம், கரைத்தோம். முதல் கிண்ணம் எனக்கு. மாலாதான் நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு மரத்துப்போயிற்று.

அக்கா மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 22, வியாழன்

மழை விடவில்லை. அரிசி, சோப்பு, மாலாவின் பாஸ்போர்ட்டுக்குப் படம்.

மத்தியானம் சமையலறையில் நான் பேசிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. வாசற்படியில் வந்து நின்றாள். யாரோடு பேசுகிறாய் என்றாள்.

"அக்காகூட."

பயப்படவில்லை. உள்ளே வந்து என்னோடு வெங்காயம் உரித்தாள். தடுமாறித் தடுமாறித் தமிழில் கேட்டாள்: "நான் போனப்பறம் என்கூடவும் இப்படியே பேசுவியாம்மா?"

"நீ உயிரோட இருக்கடி. நீ போன் பண்ணு" என்று கத்தினேன்.