நான் தூக்கிய விரல்

ஜனவரி 17, 1974. வியாழன்

விடிந்ததிலிருந்து கணவாய்க் காற்று. டிஸ்பென்சரி ஜன்னல் அடித்துக் கண்ணாடி போச்சு. டாக்டர் என்னை முறைத்தார், காற்றை நான்தான் கூட்டி வந்த மாதிரி.

ஞாயிறு டவுன் டீமோடு மேட்சுக்கு:
- மேட். பிட்சில் விரிக்கிற நார்ப்பாய். ரைஸ் மில் குடோனில் சுருட்டியபடி. ஓரத்தில் எலி. கோணி ஊசி வாங்கித் தைக்க வேண்டும்.
- மேட்டை அறைய ஆணி 22. இருப்பது 15. மாட்டு லாடம் அடிப்பவர் மீதியைத் தருகிறாராம்.
- ஸ்டம்ப் மேல் வைக்கிற பெயில்ஸ் இந்தக் காற்றில் நிற்காது. களிமண் கொஞ்சம் பிசைந்து வைக்க.
- மட்டை. உள்ளதிலேயே நல்லது ஒன்றே ஒன்று. அதுவும் பிடி சேருகிற இடத்தில் விரிசல். வேலு ஆசாரியிடம் கொடுத்தாயிற்று.

இடது மோதிர விரல் வீக்கம் வடியவில்லை. போன வாரம் பந்து பட்டு எலும்பில் விரிசல். ஊருக்கெல்லாம் கட்டுப் போடும் கம்பவுண்டருக்குப் பெண்டாட்டி சரசு கட்டுப் போட்டாள். எட்டு வருஷம் விக்கெட் கீப்பர். இந்த மேட்சுக்கு மட்டும் அம்பயராம். மட்டை பிடிக்கிற டீமே தன் ஆளை அம்பயராக நிறுத்துகிற இந்த வழக்கத்தால் வராத சண்டை இல்லை. போன வருஷம் ஒரு மேட்சில் ஸ்டம்பைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் நம் கிளப்பில் நான் சட்டம் போட்டேன்: நம்ம ஆளு அவுட் என்று கை தூக்கினால் வாயைத் திறக்காமல் வெளியே வர வேண்டும். மீறினால் மூன்று மேட்ச் கிடையாது.

மயில்சாமி சாயங்காலம் டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டான். சந்தையில் கடலைக்காய் மூட்டை தூக்குகிறவன். தோளில் இன்னும் தூசி.

"ஏனுங்ணா, மில்லுல இருந்து ஆளு வாரது நெசந்தானுங்களா?"

நிஜம்தான். கோயமுத்தூர் மில் ஒன்றில் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். நன்றாக ஆடினால் மில்லிலேயே வேலை. நான் எழுதிய நாலாவது கடிதத்துக்குத்தான் பதில். மில் ஆள் ஞாயிறு நேரில் வந்து இவன் ஆட்டத்தைப் பார்க்கிறார். கிடைக்காவிட்டால் இவனை வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் ஸ்டோருக்கு அனுப்புவதாக அவன் மாமன் நாள் குறித்துவிட்டார். புகையில் நின்று காய் உலர்த்துகிற வேலை. மலைக்குப் போனால் மட்டையைத் தொட முடியாது.

"நீ அம்பது அடி, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

ஜனவரி 18, வெள்ளி

காற்று. கண்ணெல்லாம் மண். இன்று நாய்க்கடி ஒன்று, தேள் இரண்டு.

மட்டை வந்தது. ஆசாரி விரிசலில் ஆப்பு இறக்கி, பிசின் ஊற்றி, மீன்வலை நூலால் இறுக்கிச் சுற்றியிருக்கிறார். நல்ல வேலை. ரெண்டு நாள் எண்ணெயில் ஊறட்டும் என்றார். ரெண்டு நாளில் மேட்ச். எண்ணெய் வடியும் மட்டையோடு டவுன்காரர்கள் முன்னால் நிற்க முடியுமா? துணியால் துடைத்து ஓட்டின் மேல் வெயிலில் வைத்தேன். பளிச்சென்று இருக்கிறது.

சாப்பாடு: ஊட்டுக்கு ஒரு கேரியர் என்று பழனிச்சாமி (கேப்டன், ரைஸ் மில்காரர்) சொல்லி அனுப்பினார். பதினொன்று கேட்டோம், பத்தொன்பது வருகிறதாம். கிரிக்கெட் என்றால் என்னவென்று தெரியாத ஜனம். டவுன்காரன் நம்ம ஊரில் பசியோடு திரும்பக்கூடாது, அவ்வளவுதான் அவர்களுக்கு.

ஜனவரி 20, ஞாயிறு

மேட்ச். முழுக்க எழுதத் தெம்பில்லை. எழுதாவிட்டாலும் தூக்கம் வராது.

காலை ஆறு மணிக்கு எட்டுப் பேர் மேட்டைத் தோளில் தூக்கிச் சந்தைத் திடலுக்கு. ஆணி அடித்தது பழனிச்சாமியும் லாடக்காரரும். டவுன் டீம் ஒன்பதுக்கு வேனில். எல்லோரும் வெள்ளைக் கால்சட்டை. நம்மில் மூன்று பேருக்குத்தான். மற்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டி அதன் மேல் கால் பேட்.

அவர்கள் கேப்டன் ராமநாதன். பாங்க் ஆபீஸர், அக்ரஹாரத்துக்காரர், தன்மையான பேச்சு. ஆனால் அவர்கள் பையன் ஒருத்தன் மேட் ஓரத்தில் நின்று இன்னொருத்தனிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இவா அம்பயர் கையத் தூக்கவே மாட்டா, கேட்டியா. ஸ்டம்ப் பறந்தாத்தான் அவுட்டாக்கும்."

காதில் ஈயம் ஊற்றின மாதிரி. மதியம் வரை அதே வார்த்தை மண்டைக்குள்.

அவர்கள் 141. பிறகு நாம். மில் ஆள் ரைஸ் மில் நாற்காலியில், மடியில் நோட்டு. மயில்சாமி மூன்றாவது ஆள், ஆசாரி சரிசெய்த மட்டையோடு. இறங்கி இரண்டாவது பந்தே பவுண்டரி. பிறகு இன்னும் நாலு பவுண்டரி. அவன் மட்டையில் பட்டால் பந்துக்கே சந்தோஷம். 26-இல் நின்றான். மில் ஆள் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

வெளியே போகிற பந்து. மயில்சாமி வீசினான். டிக் என்று சத்தம். கீப்பர் பிடித்தான். பௌலர் பாதி மனதோடு அவுட் கேட்டான். கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நின்ற ராமநாதன் வாயே திறக்கவில்லை. நான் விரலைத் தூக்கினேன்.

மயில்சாமி ஒரு கணம் நின்றான். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். ஒரு வார்த்தை இல்லை. என் சட்டம்.

108 ஆல் அவுட். மில் ஆள் 3.40 வேலந்தாவளம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஓடிப்போய்க் கேட்டேன். "ஆட்டம் பரவால்லீங்க. ஆனா வெளிய போற பந்துக்கு மட்டைய நீட்டறாரு. மில்லுக்கு அது ஆகாதுங்க" என்றார்.

டவுன் டீம் வேனில் ஏறும்போது ராமநாதன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்த ஆளுக்கு, அதுவும் நன்னா ஆடிண்டிருக்கறவனுக்கு அவுட் குடுக்கறதுன்னா... இப்படி ஒரு அம்பயரை நான் பாத்ததேயில்லை, கேட்டேளா."

பத்தொன்பது கேரியரும் காலி. அதைக் கழுவிக் கொடுக்க யாரும் நிற்கவில்லை. நானும் சரசுவும் கழுவினோம்.

ஜனவரி 21, திங்கள்

காற்று இல்லை. அதிசயம்.

சரசு: "ஏனுங்க, அந்தப் பையன் பொழப்ப கெடுத்துட்டு வந்து நல்லா தூங்கறீங்க."

"அவுட்டுன்னா அவுட்டுதான்" என்றேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். தூங்கவும் இல்லை.

டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. லாடக்காரர் மட்டும், "என்னமோ போங்க கம்பவுண்டரே, நம்ம ஆணியத் திருப்பிக் குடுங்க" என்றார். இவர்களுக்கு நேர்மை என்றால் என்ன தெரியும்? ஊரான் எல்லாம் மாநில பார்டரில் இருக்கிற நம்மை ஏமாற்றுக்காரன் என்கிறான். அந்தப் பேச்சை நேற்று ஒரு விரலால் அழித்தேன். அதற்கு ஒரு டீ கூட இல்லை.

ஜனவரி 24, வியாழன்

ராமநாதனிடமிருந்து கடிதம். நல்ல தாள், ஃபவுண்டன் பேனா. என் பெயரை ஜில்லா அம்பயர் லிஸ்டுக்குச் சிபாரிசு செய்திருக்கிறாராம். "தங்களைப் போன்ற நடுநிலையாளர்கள்" என்று ஒரு வரி. மூன்று தரம் படித்தேன். டாக்டருக்கும் காட்டினேன். சரசுவுக்குக் காட்டவில்லை.

மயில்சாமி சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டு எதிரே வந்தான். "நல்லாருக்கீங்களாங்ணா" என்றான். எப்போதும் போல. அதுதான் குத்துகிறது.

ஜனவரி 26, சனி

லீவு. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய்.

திடலுக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். மயில்சாமி இல்லை. கேட்ச் கொடுக்கலாம் என்று மட்டையை எடுத்தேன். வலது கையால் வெறும் காற்றில் ஒரு வீசு.

டிக்.

பந்தே இல்லை. இன்னொரு தரம் வீசினேன். டிக். மூன்றாவது தரமும். அச்சு அசலாக அதே சத்தம்.

ஆசாரி வீட்டுக்கு ஓடினேன். பிடியை ஆட்டிப் பார்த்தார். "ஆப்பு கழண்டு நிக்குதுங்க. எண்ணெயில கெடந்துச்சா?" என்றார். இல்லை, வெயிலில் வைத்தேன் என்றேன். "இந்தக் காத்துல பிசினு பிடிக்கறதுக்குள்ள வெயிலக் காட்டுனா மரம் சுருங்காம என்ன பண்ணும்? அதுக்குத்தானுங்க ரெண்டு நாள் சொன்னது." திட்டவில்லை. நூலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

ஆக, மட்டையைக் கெடுத்து வைத்ததும் நான், அதன் சத்தத்துக்கு அவனை வெளியே அனுப்பியதும் நான். டவுன் அம்பயர் இந்தத் தப்பைச் செய்தால் மன்னிக்கலாம். அவனுக்கு ஆப்பு வைத்த மட்டை என்றால் என்னவென்றே தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும்.

மூன்று தரம் படித்த கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சீ.

ஜனவரி 28, திங்கள்

டாக்டரிடம் வயிற்றுவலி என்று பொய். கோயமுத்தூர் பஸ். வேலந்தாவளத்தில் செக்போஸ்ட் லாரி வரிசை, முக்கால் மணி நேரம் வெயிலில்.

மில் கேட்டில் இரண்டு மணி நேரம். வாட்ச்மேன் மூன்று தரம் யார் நீ என்றான். மில் ஆள் வந்தார். மட்டையைக் கையோடு கொண்டு போகவில்லை, ஆசாரியிடம் பிரித்துக் கிடக்கிறது. முட்டாள். வாயால்தான் சொன்னேன். ஆப்பு, பிசின், சத்தம் எல்லாம்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு: "ஏனுங்க, எட்டு நாள் கழிச்சு அம்பயரே வந்து அது அவுட்டில்லைங்கறீங்க. உங்க ஊர் ஆளுக்கு வேல வேணும், அது புரியுதுங்க. அதுக்காக இப்படியா?"

"பொய் இல்லீங்க" என்றேன்.

"அந்த டவுன் கேப்டன் எங்கிட்ட உங்களப் பத்தி அத்தன பெருமையாச் சொன்னாரு. அவர் பேச்சையாச்சும் காப்பாத்துங்க."

ஆளையும் எடுத்துவிட்டார்களாம், சனிக்கிழமையே. கேட் மூடியது.

உண்மை சொன்ன அன்று பொய்யன். பொய்யாக விரல் தூக்கிய அன்று அரிச்சந்திரன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜனவரி 29, செவ்வாய்

சரசுவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அரிசி களைந்தாள். கடைசியில், "எங்கிட்டச் சொல்லி என்னங்க? அவங்கிட்டச் சொல்லுங்க."

போகவில்லை. நாளைக்கு.

பிப்ரவரி 1, வெள்ளி

கிளப் கூட்டம், ரைஸ் மில்லில். தவிட்டுத் தூசியில் பன்னிரண்டு பேர். மயில்சாமியும். கொஞ்சம் இளைத்திருக்கிறான், அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. இன்று சொல்லிவிடுவது என்று வார்த்தை எல்லாம் கோத்து வைத்திருந்தேன்.

பழனிச்சாமி எழுந்தார். ராமநாதன் அவருக்கும் எழுதியிருக்கிறார். அதைப் படித்தார். "நாம கம்பவுண்டர வாய்க்கு வந்தபடி பேசிட்டம். டவுன்லயே இவருக்கு இத்தன மருவாதி. இனிமே நம்ம நிரந்தர அம்பயர் இவருதான்." கைதட்டல். லாடக்காரர், கூட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, "ஆணிய நீங்களே வெச்சுக்கங்க" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

வாயைத் திறந்தேன். டீ வந்தது. மூடிக்கொண்டேன்.

மயில்சாமியும் கைதட்டினான். ஞாயிறு காலை வண்டன்மேட்டுக்குக் கிளம்புகிறானாம். பழனிச்சாமி தன் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தார். மலையில் குளிர் எலும்பைத் தின்னுமாம். ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். கோழை ஒருத்தன் மட்டும் டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 3, ஞாயிறு

மறுபடியும் காற்று. ஏழரை பொள்ளாச்சி பஸ். அங்கிருந்து கம்பம், பிறகு மலை.

டீம் முழுக்க ஸ்டாண்டில். அவனுக்கு ஒரு மூட்டை கடலைக்காய், ஊறுகாய், சரசு கட்டிக் கொடுத்த புளிச்சோறு. பஸ்ஸின் மேல் மூட்டையை ஏற்ற நாலு பேர் அடித்துக்கொண்டார்கள். மாமன் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மயில்சாமி ஸ்வெட்டரை இந்த வெயிலிலேயே போட்டுக்கொண்டு ஜன்னலோரம்.

நான் ஜன்னலுக்கு அடியில் போய் நின்றேன். டிரைவர் ஹாரன் அடித்தார். அப்போதுதான் வாய் வந்தது.

"மயிலு, அன்னிக்கு அது அவுட் இல்ல. மட்டைல ஆப்பு கழண்ட சத்தம். மில்லுலயும் போய்ச் சொல்லிப் பாத்தேன். கேக்கலே."

"தெரியுமுங்ணா" என்றான். கோபமே இல்லை. "அப்பவே தெரியும். கையில ஆடுச்சே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லக்கூடாதுன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க." பிறகு, கொஞ்சம் தயங்கி: "சத்தத்துக்குத் தூக்கியிருந்தா பரவால்லீங்ணா, ஆருக்கும் வாரதுதான். நீங்க சத்தங் கேட்டதும் அந்த டவுன் கேப்டன் மூஞ்சியப் பாத்தீங்க. அப்பறந்தான் கை மேல போச்சு. என்ற மூஞ்சிய ஒருக்கா பாத்திருந்தா போதுமுங்க."

பஸ் நகர்ந்தது. எல்லோரும் கை காட்டினார்கள். நானும் காட்டினேன், கட்டுப் போட்ட கையை.

ஆமாம். ராமநாதன் முகத்தைத்தான் பார்த்தேன்.