அல்சர் என்று சொல்லி அனுப்பினோம்

வயிறு எரியாத இடத்துக்குப் போய்விட்ட என் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. ஒரு திருத்தம் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்கு வந்தது அல்சர் இல்லை, இரைப்பையில் புற்றுநோய். மூன்று வருடம் தாமதமாகச் சொல்கிறேன். உனக்கு முன்பே தெரிந்திருந்தால் உன் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னித்துக்கொள்.

முதலில் வெறும் எரிச்சல்தான். டீக்கடையில் நான்கு பேரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: "கேஸு நைனா. ஒரு சோடா அடி, சரியாப் பூடும்." நம் உத்திரமேரூர்ப் பக்கம் மாரடைப்பிலிருந்து மாமியார் சண்டை வரைக்கும் எல்லாமே கேஸ்தான். மருந்துக்கடையில் நீயாகவே கேட்டு வாங்கிய மாத்திரை எட்டு மாதம் ஓடியது. அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை, புற்றுப்புண்ணையும் கொஞ்ச நாளைக்கு ஆறினதுபோல் காட்டிவிடும் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டாய். அதையும் ஊர் பாராட்டியது. "இன்னாபா, புது மாப்ள மாரி கீற" என்றார்கள். காரணமில்லாமல் இளைப்பது வியாதியின் அடையாளம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மலம் கறுப்பாகப் போனதற்கு நீ முருங்கைக்கீரையைக் குற்றம் சொன்னாய். அது உள்ளே கசிந்த ரத்தம்.

வாந்தி நிற்காமல் போனபிறகுதான் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதை எண்டோஸ்கோப்பி என்கிறார்கள். புண்ணிலிருந்து கிள்ளி எடுத்த சதையைப் பரிசோதித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஸ்கேனில் ஈரலிலும் தெரிகிறது, ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார். "பேஷண்ட்டுகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நானும் அண்ணியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டீ ஆறும் நேரத்தில் முடிவெடுத்துவிட்டோம். நீ தாங்கமாட்டாய். உன் மகனுக்கு வந்தவாசியில் பெண் பேசிக்கொண்டிருந்தோம், பேச்சு முறிந்துவிடும். நம் தங்கை வசந்தாவுக்குத் தெரிந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்க அழுவாள். ஆகையால் எல்லோருக்கும் அல்சர் என்றோம். இப்படி ஒரு முடிவை எடுக்க ஒரே ஒருவனைத்தான் கேட்டிருக்க வேண்டும். அவன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தான்.

உனக்கு ஏறிய கீமோவைச் சத்து மருந்து என்றேன். முடி கொட்டியபோது உடம்புச் சூடு என்றேன். அந்த வார்டு வாசலில் புற்றுநோய்ப் பிரிவு என்று முழ நீளத்துக்குப் பலகை இருந்தது. "அல்சர் வார்டுல எடம் இல்லியாம், அதான் இங்க போட்டுக்கீறாங்க" என்றேன். "செரிடா" என்றாய். செய்தித்தாளில் டெண்டர் விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிறவன் நீ. அந்தப் பலகையை மட்டும் எப்படிப் படிக்காமல் விட்டாய்?

இப்போது வசந்தாவின் சேதி. நான்கு மாதமாக அவளுக்கு நெஞ்சு கரிக்கிறது, சோறு இறங்கவில்லை. ரவிக்கை தொளதொளவென்று ஆனதைப் பார்த்துப் பயந்து காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "குடும்பத்துல யாருக்காவது வயித்துல கேன்சர் இருந்துதா?" என்று கேட்டார்.

"எங்க வூட்ல அந்த மாரி ஒண்ணும் கெடையாதும்மா. எங்க பெரியண்ணன் மட்டும் அல்சர்ல பூட்டாரு" என்றாள் வசந்தா.

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கிராம சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சோழர் காலத்திலேயே கோயில் சுவரில் வெட்டிவைத்த ஊர்க்காரன் நான். முப்பது வருடம் பத்திரம் எழுதியவன். நிலத்துக்கு நான்கெல்லை எழுதாமல் ஒரு பத்திரமும் முடித்ததில்லை. கூடப் பிறந்தவன் எதனால் செத்தான் என்ற ஒரு வரி வாயில் வரவில்லை.

குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. வசந்தா மறுத்துவிட்டாள். "அல்சருக்கு மாத்திரை குடும்மா, போதும். பைப்பெல்லாம் வாணாம்." மாத்திரையோடு வெளியே வந்தோம். நீ நடந்த வழியில் அவளும் நடக்கத் தொடங்கியதை ஒரு முழு நிமிடம் பின்னாலிருந்து பார்த்தேன்.

பஸ்ஸில் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என் கொயம்பு இல்லியா?"

"இன்னா கொயம்பு?"

"நான் ஆக்கிக் குட்த்த கருவாட்டுக் கொயம்பு. அந்தக் காரத்தாலதான் அண்ணனுக்குக் கொடலு வெந்துபோச்சின்னு நெனச்சிக்கினு கீறேன். அதுக்கப்புறம் வூட்ல கருவாடு சட்டியே ஏத்தலியே நானு."

மூன்று வருடம், அண்ணா. அவள் அழுதுவிடக்கூடாது என்று நாங்கள் சொன்ன பொய், அவளைக் கொலைகாரியாக்கி அடுப்பங்கரையில் உட்காரவைத்திருக்கிறது. அதற்குமேல் அவள் என்னைத் திட்டியது பஸ்ஸில் இருந்த அனைவருக்கும் கேட்டது. கண்டக்டர் எங்களிடம் டிக்கெட் கேட்கவே இல்லை.

மறுவாரம் அவளே கிளம்பினாள். டாக்டரம்மாவிடம் முதல் கேள்வியாகக் குழம்பைத்தான் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "ஒரு குழம்பால யாருக்கும் வராதும்மா. உப்புல ஊறினதை வருஷக்கணக்கா நிறைய சாப்பிட்டா அதுவும் கொஞ்சம் சேரும். பீடி சேரும். பெரிய காரணம் ஒரு கிருமி. சின்ன வயசுலயே வயித்துல குடியேறிடும். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு மேல இருக்கும், அதுல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் புற்றா மாறும். கூடப் பிறந்தவங்களுக்கு வந்திருந்தா நாங்க கூடுதலா கவனிப்போம். அதனாலதான் கேக்கறோம்." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் வைத்தியத்தையும் கேட்டேன். மேலோட்டமாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அந்தக் குழாய் வழியாகவே சீவி எடுத்துவிடுவார்களாம். ஆழமாக இறங்கியிருந்தால் இரைப்பையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் கீமோ கொடுப்பார்களாம். இரைப்பை இல்லாமலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு வாழலாமாம். வேறு உறுப்புக்குப் போய்விட்டால் நோயின் வேகத்தைக் குறைக்கத்தான் மருந்து. நாம் சோடாவிலேயே எட்டு மாதம் கழித்துவிட்டு நேராகக் கடைசி வரிசையில் போய் நின்றோம்.

வசந்தா குழாயை விழுங்கினாள். சதை கிள்ளி அனுப்பினார்கள். முடிவு வாங்கப் போன அன்று, "நீ வெளியவே இரு" என்று என்னைக் கதவுக்கு இந்தப்பக்கம் நிறுத்திவிட்டாள். கால்மணி நேரம் கழித்து வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"இன்னா சொன்னாங்கோ?"

"அல்சராம்" என்றாள். பையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்தச் சொல்லை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் எனக்குச் சொன்னது அன்றுதான். சிரிக்கிறாளா, மறைக்கிறாளா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். டாக்டரம்மாவிடம் திரும்பிப்போய்க் கேட்கலாமா? இவள் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் மட்டும் சொல்வாரா? நீயும் அந்தக் கட்டிலில் படுத்து என் முகத்தை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா?

பாலாற்றுப் பாலம் தாண்டியபிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டாள். "படி. இன்னும் கொஞ்ச நேரம் வச்சிக்கினு இருக்கலாம்னுதான் பாத்தேன். உன் மூஞ்சியப் பாக்க சகிக்கல."

படித்தேன். புண், கிருமி இருக்கிறது, புற்றணுக்கள் இல்லை. இரண்டு வாரம் மாத்திரை. ஒரு மாதம் போனதும் கிருமி ஒழிந்ததா என்று சோதனை. புண் ஆறியதா என்று பார்க்க மறுபடியும் ஒரு குழாய். ஏழுமுறை படித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன் மகன் ஒரகடத்தில் ஷிப்டு முடித்து ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அவனுக்கும் மருமகளுக்கும் அண்ணியை வைத்துக்கொண்டு நானே சொல்லப்போகிறேன். திங்கட்கிழமை அவனும் நானும் காஞ்சிபுரம் போய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறோம். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டால் காலண்டரைப் பார்க்கமாட்டேன். என் அண்ணனுக்கு என்பேன், உன் பெயரைச் சொல்வேன், நோயின் பெயரையும் சொல்வேன். நாளைக்கு எனக்கே ஏதாவது வந்தால் என்னிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று வசந்தாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உனக்கு நான் செய்யத் தவறியது அது.

உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்காத,
உன் தம்பி
தாமோதரன்