ஜீப்பை விட்டுவிட்ட கட்டுரை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. மலை அருவிக்குப் போகும் பாதையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு வயதான கணவனும் மனைவியும் நடந்தே புறப்பட்டிருக்கிறார்கள். பாதி ஏற்றத்தில் அந்த அம்மாவால் ஓரடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. வனக்காவலர்தான் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார். "அந்த நிருபரையும் இதே ஜீப்லதாங்க மேல கொண்டுபோய் விட்டேன்" என்று சொல்லியும்விட்டார்.

உண்மைதான் அம்மா. அருவிக்குப் பக்கத்தில் இறங்கிக் கொஞ்சதூரம்தான் நடந்தேன். கட்டுரையில் ஜீப் வந்தால் காட்டின் அழகு கெட்டுவிடும் என்று அதை எழுதாமல் விட்டேன்.

இருவரும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். "ஏம்ப்பா, ஜீப்ல போனேன்னு ஒரு வார்த்தை எழுதினா கொறஞ்சா போயிடுவே? என் காலைப் பாரு" என்றார் அந்த அம்மா. வீக்கம் உங்களுக்கு இருப்பதைப் போலவே இருந்தது. "விடும்மா, எழுத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் கணவர். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

திருத்தம் அடுத்த இதழில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து நடக்கப்போகிறேன். பீரோவுக்கு அடியில் இருக்கும் என் பழைய ஷூவை அனுப்புங்கள். இங்கே வாங்கியது காலைக் கடிக்கிறது. துடைக்க வேண்டாம், நம் வாசல் மண் ஒட்டியிருந்தால் இருக்கட்டும்.

கூடத்தில் லேமினேட் செய்து மாட்டியிருக்கும் அந்தக் கட்டுரையைக் கழற்றிவிடுங்கள். வருகிறவர்களிடமெல்லாம் "என் பையன் மலையேறிப் போனான்" என்கிறீர்களாம், தங்கை சொன்னாள். இனி யாராவது கேட்டால், ஜீப்பில் போனான் என்றே சொல்லுங்கள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார், இதை அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் மகன்