தலையாட்டாத செயலாளர்

அன்புள்ள மகளுக்கு,

மாமாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி நீ அனுப்பிய செய்தியைக் கண்டேன். உன் மாமனார் கோயில் தலைவர், நான் அவர் நியமித்த செயலாளர். அந்த வீட்டில் உனக்கு எவ்வளவு சங்கடம் என்று எனக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, லண்டன் நோர்பரி பஸ்ஸில் அந்தக்கால இங்கிலாந்துப் பேராயர் ஒருவரின் கதை சொன்னாயே. ராஜாவுக்கு ஆலோசகராக இருந்தவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார் என்று நம்பித்தான் ராஜா அவரைப் பேராயராக்கினார். ஆசனத்தில் ஏறியதும் மனிதர் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். சரித்திரப் பாடத்தில் ஒருநாளும் பாஸாகாத எனக்கு அந்தக் கதை மட்டும் மண்டையில் ஏறிவிட்டது.

கோயில் ஒரு கராஜுக்குள் இருந்த காலத்திலிருந்தே ஆறாம் திருவிழா கனகாம்பிகை அக்கா குடும்பத்தின் உபயம்; அன்றைய செலவும் முதல் மரியாதையும் அவர்களுக்குத்தான். இப்போது புருஷன் செத்து அவர் தனித்துப்போனதும், அதைக் காசுள்ள ஒரு நகைக்கடைக்காரருக்கு மாற்ற வேண்டுமாம்.

"மச்சான், நீ ஓம் எண்டு தலையாட்டினால் காணும்," என்றார் உன் மாமா.

"ஏலாது."

"உன்னைச் செயலாளராக்கினதே நான்தானேடா!"

"அதுதான் நீ விட்ட பிழை."

பேராயரை ராஜாவின் ஆட்கள் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டினார்களாம். என்னைக் கோயில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். என் தரத்துக்கு அவ்வளவுதான்.

ஆறாம் திருவிழாவன்று அக்காவோடு அர்ச்சனைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு முன்வாசலால் வருவேன். மாமாவைக் கண்டால் வணக்கம் சொல்வேன், மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீ அவர்களோடு நின்றாலும் எனக்குக் குறையில்லை, பிள்ளை. வழியை மட்டும் மறிக்காதே.

உன் பிடிவாதக்கார
அப்பா