சேர்மன் வீட்டுக் குழாய்

பதுளை,
4.2.1923

அன்புள்ள லரீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் கடையும் சுகம். நீயும் மகள் நளீராவும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன்.

உனக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தியை ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டு எழுதுகிறேன், கோபிக்காதே. போன வியாழக்கிழமை என்னைப் பட்டின சபைத் தலைவராகத் தெரிவு செய்துவிட்டார்கள். கடைத்தெருவில் இப்போது எனக்கு "சேர்மன் முதலாளி" என்று பெயர். பதினான்கு வயதில் காத்தான்குடியிலிருந்து கருவாட்டு வண்டிக்குப் பின்னால் நடந்து, லுணுகலை ஏற்றத்தில் கால் கொப்பளித்து வந்து சேர்ந்தவன் நான். கருவாட்டு வாசம் போகாத கை கூட்ட மணியை அடிக்கப் போகிறது என்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் சொன்னாராம். வாசம் போகாவிட்டால் என்ன, மணி சத்தம் போட்டால் சரி.

இனி நம் காரியம். நளீராவுக்குக் கலியாணம் பேசி முடித்தாயிற்று. நம் ஊர் வழக்கப்படி நீ இருக்கும் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு நீ எங்கே இருப்பாய்? பின்வளவில் ஓலைக் குடில் கட்டிக்கொண்டு மகள் வீட்டு அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டா? இங்கே வந்துவிடு. இருபத்துநான்கு வருஷமாகப் பெருநாளுக்குப் பெருநாள் உன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போகிறேன். எனக்கும் ஐம்பதாகிறது.

தமிழ் எழுத்துத் தெரியாத நீ வாசிக்க வேண்டும் என்றுதான் தமிழை அரபு எழுத்தில் எழுதியிருக்கிறேன். பழக்கம் விட்டுப்போய்க் கை தடுமாறுகிறது. பிழை பொறுத்துக்கொள்.

உன் மர்ஸூக்


காத்தான்குடி,
20.2.1923

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வண்டிக்கார இப்றாஹீம் காக்கா கடிதம் தந்தார். செய்தியை அவர் வாசலிலேயே சத்தம் போட்டுச் சொல்லிவிட்டதால், சேர்மன் பெண்சாதிக்குக் கடிதத்தில் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் நாலு தரம் வாசித்தேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதினால் பெருமைப்படுவீர்கள். அழுதேன்தான்.

வரச் சொல்கிறீர்கள். பதினான்கு வருஷத்துக்கு முன், ஒன்பதாம் ஆண்டு வந்தேனே, இருபத்திரண்டு நாள், மறந்துவிட்டதா? கடைக்குப் பின்னால் மாடி வீடு. ஜன்னல் இருந்தது, காற்று இருந்தது, கிணறு இல்லை. குளிக்க ஆற்றங்கரையில் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போ என்றீர்கள். ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் எப்படிப் போவேன்? பின்தெருவில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்திலிருந்து நல்லம்மா பின்படி வழியாக நாளுக்கு எட்டுக் குடம் சுமந்தாள். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. எட்டாவது குடத்தைப் பாதிப் படி இறங்கிப்போய் நானே வாங்குவேன். அதனால்தான் திரும்பி வந்தேன். குளிர் ஒத்துவரவில்லை என்று ஊரில் பொய் சொன்னேன்.

இன்னொன்று. இங்கே ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். "வயசான காலத்தில புருஷன்ட வீட்டில போய் ஒதுங்கினாளாம்" எண்டு என் தங்கச்சிமாரே சொல்லுவாங்க. என் பெயரில் ஒரு கூரை இல்லாமல் நான் இருந்ததில்லை மச்சான். குடில் என்றாலும் அது என் குடிலாக இருக்கும்.

லரீபா


பதுளை,
11.4.1923

அன்புள்ள லரீபாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு மாதம் சுற்றினேன். பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. காரியத்தை முடித்துவிட்டு எழுத நினைத்தேன்.

ஒன்று: மலை ஓடையிலிருந்து பட்டினத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் வேலையைச் சபை தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் குழாய் பெறுகிறவர்களின் பட்டியலில் முதல் பெயர் நம் வீடு. நானே எழுத வைத்தேன். மாடியில் உனக்கென்று குளிக்கும் அறை கட்டுகிறேன்.

இரண்டு: நேற்று நொத்தாரிஸிடம் போய்க் கீழத்தெருப் பதினேழாம் இலக்க வீட்டை உன் பெயருக்கு எழுதிவிட்டேன். கடை எனது, வீடு உனது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட லத்தீப் நானா, "ஏன் மர்ஸூக், கடன்காரன் யாரும் துரத்துறானா?" என்று கேட்டார். "இல்ல நானா, பெண்சாதி வீட்டுல இருக்க ஆசையா இருக்கு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

இனி நீ சொன்னால்தான் நான் அந்த வீட்டில் இருக்கலாம். வருவாயா?

மர்ஸூக்


காத்தான்குடி,
2.5.1923

மச்சானுக்கு,

ஸலாம். நீங்கள் அனுப்பிய வீட்டு உறுதிப் பத்திரத்தை நளீரா கையில் பிடித்துக்கொண்டு வளவு முழுக்க ஓடினாள். தங்கச்சிமார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு மனிதரை எனக்குக் கட்டிவைத்ததற்கு வாப்பாவின் கபுறுக்கு யாஸீன் ஓதினேன். இதற்கு மேல் எழுதினால் உங்கள் தலை கூட்ட மண்டபத்துக்குள் நுழையாது.

கலியாணம் முடிந்ததும் வரத்தான் எண்ணம். ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். குழாய் நல்லம்மாவின் லயத்துக்கும் வருகிறதா? வீட்டுக்காரி கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லரீபா


பதுளை,
9.6.1923

அன்புள்ள லரீபாவுக்கு,

ஸலாம். குளிக்கும் அறைக்குச் சுவர் எழுப்பியாயிற்று. வெள்ளைச் சுண்ணாம்பு பூசச் சொல்லியிருக்கிறேன். ஹாலிஎலப் பக்கம் ரயில் பாதை வேலை மும்முரமாக நடக்கிறது. நம் கடையில் இரும்புச் சாமான் நின்ற இடத்திலேயே விற்றுப் போகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: இந்த வருஷம் வந்த குழாய் பெரிய தெருவில் ஐந்து பொதுக் குழாய்க்கும் பதினொரு வீட்டுக்கும்தான் காணும். பின்தெரு அடுத்த வருஷம், அல்லது அதற்கடுத்த வருஷம். சபை என்றால் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. நீ உடனே முகத்தைத் திருப்பாதே.

நல்லம்மாவைப் பார்த்தேன். இப்போதும் வீடுகளுக்குத் தண்ணீர் சுமக்கிறாள். போன மழையில் பின்படியில் விழுந்து இடுப்பில் அடி. "அம்மா சொகமா இருக்காங்களா மொதலாளி? என்னைய உக்கார வச்சுத் தேத்தண்ணி குடுத்தது அவங்க ஒருத்தங்கதான்" என்றாள். நீ வரப்போவதைச் சொன்னேன். "வரட்டுங்க, நான் தூக்கித் தாறேன்" என்கிறாள். வீட்டுக்குக் குழாய் வருகிறது, அவள் தூக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை.

மர்ஸூக்


காத்தான்குடி,
1.7.1923

கனம் பொருந்திய பட்டின சபைத் தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும், பதுளைக் கீழத்தெருப் பதினேழாம் இலக்க வீட்டின் சொந்தக்காரி லரீபா உம்மா பணிவுடன் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

என் வீட்டுக்குக் குழாய் தரத் தீர்மானித்திருப்பதாக அறிகிறேன். அந்தத் தீர்மானம் என்னைக் கேட்டு எடுக்கப்படவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன் அந்த வீட்டில் நான் இருந்தபோது எனக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் பின்தெரு லயத்துப் பெண்கள். பட்டினத்துக்கு நாள்தோறும் தண்ணீர் சுமக்கிறவர்களின் வாசலில் தண்ணீர் இல்லை என்பது சபைக்குத் தெரிந்திருக்கும். ஆகவே என் வீட்டுக்கென வைத்த குழாயைப் பின்தெரு லயத்துக்குப் பொதுக் குழாயாகக் கொடுத்து, என் வீட்டின் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சபைத் தலைவர் எனக்கு உறவு. அதற்காக இந்த விண்ணப்பத்தை அவர் ஒளித்துவைக்கக் கூடாது.

இப்படிக்கு,
லரீபா உம்மா


பதுளை,
26.8.1923

லரீபா,

ஸலாம். சண்டாளி, என்ன வேலை செய்தாய்!

உன் விண்ணப்பம் தபாலில் நேரே சபைக்கு வந்தது. கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரபு மாதிரி இருக்கிறது, சேர்" என்று கூட்டத்தின் நடுவில் என் கையில் கொடுத்தார். அத்தனை பேரில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதல் வரியிலேயே யார் எழுதியது என்று தெரிந்தது. மூன்றாம் வரியில் வியர்த்தது.

உண்மையைச் சொல்கிறேன். கலியாண அழைப்பு என்று சொல்லி மடித்துப் பைக்குள் போட்டிருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. யாருக்கும் தெரிந்திருக்காது. குளிக்கும் அறையின் வெள்ளைச் சுவர் கண்ணில் நின்றது. நீ வந்துவிடுவாய், இந்தக் கடைசி வருஷங்களையாவது ஒரே கூரையில் கழிக்கலாம் என்ற நினைப்பு. ஆனால் "ஒளித்துவைக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறாயே. என்னை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய்.

எழுந்து நின்று வாசித்தேன். அவர்களுக்கு விளங்கும்படி ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "சபைத் தலைவர் எனக்கு உறவு" என்ற இடத்தில் சிரித்தார்கள். என்ன உறவு என்று ஒருவர் கேட்டார். "நான் அந்த அம்மாவின் வீட்டில் குடியிருக்கிறவன்" என்றேன். சிரிப்பு அடங்க நேரமானது. பட்டியலில் பெயர் இருந்த இன்னும் இரண்டு பேர் தங்கள் குழாயையும் பின்தெருவுக்கு விட்டுத் தந்தார்கள். மற்றவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லயத்துக்கு மூன்று குழாய் வருகிறது. நம் வீட்டுக்கு எப்போது வரும் என்று சேர்மனுக்கே தெரியாது. அறை காய்ந்துபோய்க் கிடக்கிறது. நல்லம்மாவைக் குடம் சுமக்க விட்டு நீ இருக்க மாட்டாய். ஆகவே நீ வர மாட்டாய். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

மர்ஸூக்


காத்தான்குடி,
15.1.1924

என் அன்பு மச்சானுக்கு,

ஸலாம். கலியாண வீட்டில் பத்து நாள் நின்றீர்கள். பத்து நாளும் கேட்க நினைத்து, கேட்காமலே வண்டி ஏறிப் போனீர்கள். சபையில் வாய் திறக்கிற மனிதருக்கு என்னிடம் மட்டும் என்ன பயம்?

நான் வருகிறேன். மகளுக்கும் மருமகன் காமிலுக்கும் வீட்டைக் கொடுத்தாயிற்று. அடுத்த திங்கட்கிழமை இப்றாஹீம் காக்காவின் வண்டியில் புறப்பட்டு லுணுகலை வழியாக வந்து சேருவேன்.

தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்படி இறங்கினால் லயத்துக் குழாய் முப்பது காலடி தூரம் என்று நீங்களே இங்கே சொன்னீர்கள். பெண்கள் குளிக்க அங்கே தட்டி கட்டி மறைப்பு வைக்கச் சொல்லுங்கள். அது சேர்மனால் முடிகிற காரியம்தான். தென்னங்கிடுகு நானே கொண்டுவருகிறேன். மற்றப் பெண்களோடு நானும் போய்க் குளிப்பேன். சமையலுக்கு இரண்டு குடம் போதும். ஒன்று நான் தூக்குவேன், மற்றது நீங்கள். நல்லம்மா உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கட்டும்.

வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்து வையுங்கள். நான் வந்து அவளோடு உள்ளே போய் விளக்கேற்றும்வரை நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குள் தானாக நுழைவதில்லை. நான் கூப்பிடுவேன். அப்போது வாருங்கள்.

லரீபா